தோ ரொட்டி தோ
(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரில் எனக்கு முன்னர் பேசியவர்கள் நல்ல நூல்களைப் பற்றிப் பேசினார்கள். நான் பேசப்போவது சாப்பாட்டுக் கடையிலே ரொட்டியும் பருப்பும் கேட்டு வாங்கப் பழகிய கதை. அதுவும் உருது மொழியில். இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நிகழ்ச்சியைத் தயாரிப்பவர் சிரித்துக்கொண்டே கேட்டார். ஒரு மொழியில் நாம் முதலில் கற்கும் சொல் எது, அதை யார் வாயிலிருந்து கற்கிறோம் என்பது சின்ன விஷயமல்ல என்று மட்டும் அவரிடம் சொன்னேன். உங்களிடமும் அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

கதை டுபாயில் நடந்தது. ஆனால் அதை ஹட்டனிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் தகப்பனார் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டியவர். பத்தாந் திகதி சம்பளம் போட்டால் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை ஹட்டன் டவுனுக்குக் கூட்டி வருவார். அன்று ஒரு வேளை கடைச் சாப்பாடு. பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு முஸ்லிம் ஹோட்டல். அதற்குள் நுழைந்ததும் அப்பாவின் குரல் தானாகவே உயரும். "மொதலாளி, ரெண்டு பராட்டா குடுங்க. புள்ளைக்குக் கொழம்பு நல்லா ஊத்தச் சொல்லுங்க." கல்லாவில் இருப்பவரும், "வாங்க, வாங்க, மகன் பெரிய ஆளாயிட்டாரு போல" என்பார். அப்பா அங்கே ஒரு மனிதர்.

சில மாதங்களில் அந்தக் கடையில் இடமிருக்காது. அப்போது சந்தைப் பக்கத்துச் சிங்களக் கடையொன்றுக்குப் போவோம். அங்கே அப்பா வாயே திறக்க மாட்டார். கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்று பணிஸைச் சுட்டிக் காட்டுவார். பிறகு இரண்டு விரலைக் காட்டுவார். "தண்ணி கேளுங்கப்பா, விக்குது" என்று நான் சொன்னால், "வீட்டுக்குப் போயிக் குடிப்போம்" என்பார். தொண்டையில் பணிஸ் அடைத்துக்கொள்ள, டிக்கோயா வரையில் வந்திருக்கிறேன்.

அப்பாவுக்குச் சிங்களம் அடியோடு தெரியாது என்றில்லை. தெரிந்த சிங்களம் எது என்பதுதான் தொல்லை. 'மெஹெ வரேன்', 'பலயன்', 'கட்ட வஹபன்'. இங்கே வாடா, போடா, வாயை மூடு. கந்தோர் வாசல்களிலும் வரிசைகளிலும் அவரை நோக்கி எறியப்பட்டவை. அந்த மொழியில் அவருக்கு ஏவல் தெரியும், வேண்டுகோள் தெரியாது. தண்ணீர் கேட்கப் போய் 'தியன்' என்று சொல்லிவிட்டால், அதாவது 'தாடா' என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? ஆகவே விரல். இதையெல்லாம் அந்த வயதில் நான் விளங்கிக்கொள்ளவில்லை. அப்பாவுக்குக் கூச்சம் என்றே நினைத்திருந்தேன்.

1992 ஆம் ஆண்டு, எனக்கு இருபத்து மூன்று வயது, கட்டட வேலைக்காக டுபாய் போனேன். அரபு நாடாயிற்றே என்று புறப்படுவதற்கு முன் டவுனில் தெரிந்த மௌலவி ஒருவரிடம் பத்துப் பதினைந்து அரபுச் சொற்களை எழுதி வாங்கிக்கொண்டு போனேன். அந்தக் காகிதம் கடைசி வரை சட்டைப் பையிலேயே கிடந்து நைந்தது. அங்கே எங்களைப் போன்றவர்களிடம் அரபு பேச யார் இருந்தார்கள்? கொத்தனார் பஞ்சாபி, கம்பி கட்டுபவர் வங்காளி, லொறி ஓட்டுபவர் பட்டாணியர், கடைக்காரர் மலையாளி, பக்கத்துக் கட்டிலில் குருணாகலைச் சேர்ந்த சிங்களப் பையன். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஓடியது ஒரே மொழி. இந்தியர் அதை இந்தி என்றனர், பாகிஸ்தானியர் உருது என்றனர். எழுத்திலும் உயர்ந்த நடையிலும் இரண்டும் பிரிந்து போனவை. ரொட்டிக் கடையிலே ஒன்றுதான்.

உருது என்ற பெயரே துருக்கிச் சொல். படைமுகாம் என்று பொருள். முகாமில் பல நாட்டுச் சிப்பாய்கள் கலந்து பேசியதில் பிறந்த மொழி என்று பலரும் சொல்வார்கள். மொழியறிஞர் அதை ஒப்புவதில்லை. மொழி டில்லி வட்டாரத்துப் பேச்சிலிருந்து வளர்ந்தது, பெயர் மட்டும் பாதுஷாவின் முகாம் நகரத்திலிருந்து ஒட்டிக்கொண்டது என்பது அவர்கள் கட்சி. ஒரே அறையில் பன்னிரண்டு பேராகத் தொழிலாளர் விடுதியில் படுத்துக்கொண்டு அதைக் கற்ற எனக்கோ, முகாம் மொழி என்ற பழைய கதைதான் பிடித்திருக்கிறது.

அந்நாளில் வெள்ளிக்கிழமைதான் அங்கே விடுமுறை. டேரா பகுதியில், நாயிஃப் சந்தைக்குப் பின்னால் ஒரு பாகிஸ்தானியச் சாப்பாட்டுக் கடை. டுபாயில் இப்படிப் பல கடைகள் உண்டு. சத்வாவில் 1978 இல் தொடங்கிய ரவி உணவகம் இன்று வெளிநாட்டுப் பயணிகள் தேடிப் போகும் இடமாகிவிட்டது. நான் சொல்லும் கடைக்கு அப்படிப் பேரும் புகழும் கிடையாது. ஆறு மேசை. வாசலில் தந்தூர் அடுப்பு. உள்ளே ஒரு வானொலிப் பெட்டி எந்நேரமும் பாடிக்கொண்டிருக்கும்.

முதல் வெள்ளி போய் உட்கார்ந்து, மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னேன். சாப்பாட்டுக்குக் 'கானா' என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டதில் வந்தது வினை. நமது எழுத்திலே க ஒன்றுதான். உருதுவில் அந்தக் 'கானா'வை மூச்சை வெளியே தள்ளிச் சொன்னால் சாப்பாடு. மூச்சில்லாமல் மெல்லச் சொன்னால் ஒற்றைக் கண்ணன். தொண்டை அதிர 'ஙானா' போலச் சொன்னால் பாட்டு. நான் அந்த மூன்றாவதைச் சொல்லியிருக்கிறேன். பரிமாறுபவர் என்னைப் பார்த்தார், வானொலிப் பெட்டியைப் பார்த்தார், போய் அதன் சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்தார். கடை முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த வெள்ளி நானும் விரலைத்தான் காட்டினேன். பக்கத்து மேசைக்காரனின் தட்டைச் சுட்டிக் காட்டினேன். காட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த விரல் யாருடையது என்று தெரிந்தது.

அதன் பிறகு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. ரொட்டியைப் பிடித்துக்கொண்டேன். மலையகத்தானுக்கு ரொட்டியைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? கோதுமை மாவும் தேங்காய்ப் பூவும் பிசைந்து, கல்லில் தட்டிச் சுட்டு, கட்டச் சம்பலோடு விடியற்காலையில் மலைக்குக் கொண்டு போகும் ரொட்டி. அதே சொல்தான் அங்கேயும். உருதுக்காரர் 'ரொட்டி தின்றாயா' என்று கேட்டால் சாப்பிட்டாயா என்று பொருள். நாம் சோறு தின்றாயா என்று கேட்பது போல. இரண்டுக்குத் 'தோ'. 'கொடு' என்பதற்கும் 'தோ'. ஆக, இரண்டு ரொட்டி கொடு என்பதற்குத் 'தோ ரொட்டி தோ'. இவ்வளவு வசதியான வாக்கியம் வேறெந்த மொழியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. முன்னாலும் பின்னாலும் ஒன்றே, நடுவிலே ரொட்டி.

போகப் போக ஒரு புதையலே கிடைத்தது. தெரியாத மொழி என்று நினைத்தேன், அதில் பாதி நம் வீட்டிலே இருந்தது. காரம் 'கம்மி' என்கிறோமே, அது 'கமீ'. 'ஜாஸ்தி' என்பது 'ஜ்யாததீ'. தமிழ்நாட்டுக்காரர் பராட்டாவுக்கு ஊற்றும் சால்னா, 'ஸாலன்'. ஆட்டுக்கால் பாயாவிலே 'பாயா' என்றாலே கால்தான். ரசீது, தயார், சாமான், அசல், நகல், குஷி, சபாஷ், கசாப்பு, வசூல் எல்லாம் பாரசீகத்திலும் அரபியிலுமிருந்து உருதுக்காரர் வழியாகவோ அவர்களுடைய அலுவலர் வழியாகவோ நமக்கு வந்தவை. புரியாணியைச் சொல்லவே வேண்டாம்.

இதில் ஒரு சொல் மட்டும் என்னைக் கதிகலங்கச் செய்தது. ஒரு நாள் பத்துத் திர்ஹம் தாளைக் கொடுத்தேன். கல்லாவில் இருந்தவர் சில்லறையை மேசையில் வைத்து 'பாக்கி' என்றார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. தோட்டத்திலே பாக்கி என்றால் கடன். கடைப் பாக்கி, கங்காணி பாக்கி. என் பாட்டனார் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் பாக்கி எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' கையில் இருக்க வேண்டும். அந்தத் துண்டு முறையை 1921 இல்தான் ஒழித்தார்கள். சொல் மட்டும் எங்கள் இரத்தத்தில் தங்கிவிட்டது. நான் இன்னொரு தாளை எடுத்து நீட்டினேன். அவர் விழித்தார். உருதுவில் பாக்கி என்றால் மிச்சம், அவ்வளவுதான். எனக்கு வர வேண்டிய மிச்சம்.

இனிச் சொல்லப் போவதுதான் நான் இங்கே வந்ததன் காரணம்.

ஆறு மாதத்தில் எனக்கு உருது நன்றாக ஓடத் தொடங்கியது. எங்கே கற்றேன்? பகலெல்லாம் வேலைத்தலத்தில், மேற்பார்வை பார்க்கும் ஃபோர்மன் வாயிலிருந்து. 'சிமெண்ட் லாவோ', 'இதர் ஆவோ', 'ஜல்தி கரோ'. கொண்டு வா, இங்கே வா, சீக்கிரம் செய். பேசுகிறேன் என்ற தெம்பில் ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல், கடை நிரம்பி வழியும் நேரம், மேசையைத் தட்டி, 'பானி லாவோ' என்று கத்தினேன்.

தண்ணீரைக் கொண்டு வந்தவர் அறுபது வயதைத் தாண்டியவர். வெண்தாடி. எல்லோரும் அவரைச் 'சாச்சா' என்று கூப்பிடுவார்கள். நம்மூர் முஸ்லிம்களும் சிறிய தகப்பனாரைச் சாச்சா என்றுதான் சொல்வார்கள். அதனால் அந்தச் சொல் மட்டும் எனக்கு முதல் நாளே விளங்கியிருந்தது. அவர் கூஜாவை மெதுவாக வைத்துவிட்டு, "கொண்டு வந்துவிட்டேன், ஐயா" என்றார். கேலியாக அல்ல. கோபமாகவும் அல்ல. சொல்லிப் பழகிய குரலில். என் அப்பா கந்தோர் வாசலில் "வந்துட்டேங்க ஐயா" என்று சொல்வாரே, அந்தக் குரல்.

சாப்பாடு இறங்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அவர் மேசை துடைத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். மன்னிப்புக்கு உருதுவில் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. தமிழ்ப் படத்திலே 'மாப்பு' என்று கேட்ட ஞாபகத்தில், "சாச்சா, மாப்" என்றேன். அதுவே சரியான சொல்லாக இருந்தது. அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னை எதிரே உட்கார வைத்து, "பேட்டா, இந்த பாஷையை எங்கே படித்தாய்?" என்று கேட்டார். வேலைத்தலத்தில் என்றேன். "அதுதானே பார்த்தேன். நீ செங்கல்லோடு பேசுகிற மாதிரி பேசுகிறாய்" என்றார்.

அன்றைக்கு அவர் நடத்தியது ஐந்து நிமிடப் பாடம். உருதுவில் முன்னிலைக்கு மூன்று படி. 'தூ', 'தும்', 'ஆப்'. தமிழிலே நீ, நீர், நீங்கள் என்று நமக்கும் மூன்று உண்டல்லவா? அதற்கேற்பக் கொடுப்பதும் மூன்று. 'தே', 'தோ', 'தீஜியே'. தா, தாரும், தாருங்கள். என் அருமையான 'தோ ரொட்டி தோ' நடுப்படியில் இருக்கிறது. தோழனிடம் சொல்லலாம், சின்னவனிடம் சொல்லலாம். தகப்பன் வயதுக்காரரிடம் 'தோ ரொட்டி தீஜியே' என்றுதான் சொல்ல வேண்டும். ஓசை கெட்டுப் போகிறதே என்று எனக்கு உள்ளூர வருத்தந்தான். சிங்களத்தில் மரியாதையாகச் சொல்வது 'தென்ன'. தா, தே, தென்ன என்று மூன்று மொழியும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. அதற்கு மேல் ஏதும் சொல்ல எனக்கு மொழியியல் தகுதி கிடையாது.

பிற்பாடு ஒரு பழைய நூலைப் பற்றிப் படித்தபோது சாச்சாவின் செங்கல் ஞாபகத்துக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, நமது தோட்டங்களுக்கு வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைமாருக்காகக் கொழும்பில் ஒரு தமிழ்க் கைநூல் அச்சிட்டார்கள். அதன் பெயரே 'இங்கே வா'. சின்னத்துரையின் சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி என்று துணைத் தலைப்பு. தமிழை இங்கே வா என்ற இடத்திலிருந்து தொடங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கூலித் தமிழ்' என்றே ஒரு நூலும் வந்தது. உருதுவும் இதே வழியில் போயிருக்கிறது. 1800 இல் கல்கத்தாவில் நிறுவிய வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கில்கிறிஸ்ட் என்பவர் கம்பெனி உத்தியோகத்தருக்கு ஹிந்துஸ்தானி கற்பித்தார். ஆனால் அங்கே ஒரு நல்ல காரியமும் நடந்தது. பாடநூல் வேண்டுமென்று மீர் அம்மன் என்ற டில்லிக்காரரை அமர்த்தினார்கள். அவர் நான்கு துறவிகளின் கதையை உருது உரைநடையில் எழுதிக் கொடுத்தார். 'பாக்-ஓ-பஹார்' என்ற அந்த நூல் துரைமாரின் பாடத்தைத் தாண்டி இன்றும் நிற்கிறது. நமது தோட்டத்துக் கைநூல்களிலிருந்து அப்படி ஏதும் பிறக்கவில்லை என்பது என் மனக்குறை.

சாச்சாவிடம் நான் கற்றதில் மிகவும் பிடித்தது 'சாஹியே' என்ற சொல். 'முஜே பானி சாஹியே'. 'எனக்குத் தண்ணீர் வேணும்'. சொல்லுக்குச் சொல் எடுத்து வைத்துப் பாருங்கள், ஒன்றுகூட இடம் மாறாது. சிங்களத்தில் 'மட வத்துர ஓன'. அதுவும் அப்படியே. ஆங்கிலத்திலே 'நான்' முன்னால் வந்து நின்று வேண்டுகிறது. நம் பக்கத்து மொழிகளிலே 'எனக்கு' என்று சற்று ஒதுங்கி நிற்கிறோம். பில் எவ்வளவு என்று கேட்க 'கித்னா ஹுவா' என்பார்கள். 'எவ்வளவு ஆச்சு?' ஆகவே இலக்கணம் படிக்க வேண்டிய வேலையே எனக்கு இருக்கவில்லை. சொற்களை மாற்றி வைத்தால் போதும்.

சொற்களை மாற்றி வைக்க மறுத்தவர் ஒருவரும் அங்கே இருந்தார். என் மேசையில் வழக்கமாக உட்காரும் வங்காளதேசத்துக்காரர். சில்ஹட் மாவட்டம். அதுவும் தேயிலை நாடு. அவர் உருது என்னைவிட நன்றாகப் பேசுவார். ஆனால் சோற்றை மட்டும் உருதுவில் 'சாவல்' என்று கேட்கவே மாட்டார். தம் மொழியில் 'பாத்' என்றுதான் கேட்பார். மற்றதெல்லாம் உருது, அந்த ஒரு சொல் வங்காளம். பரிமாறுபவர், "சாவலா?" என்று திருப்பிக் கேட்டால், அமைதியாக, "பாத்" என்பார். எனக்கு அது சட்டென்று விளங்கியதற்குக் காரணம் சிங்களம். நாம் ஹட்டனில் 'பத்' என்று கேட்கிறோமே, அதே சோறு.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். அவர் தகப்பனார் 1952 இல் டாக்காவில் மாணவராம். பாகிஸ்தானுக்கு உருது ஒன்றே அரச மொழி என்றார்கள். வங்காளத்துக்கும் இடம் வேண்டுமென்று பெப்ரவரி 21 ஆந் திகதி மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். பொலிஸ் சுட்டது. சிலர் செத்தார்கள். 1999 இல் யுனெஸ்கோ அந்த நாளைத்தான் உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. "தகப்பன் வேண்டாமென்ற மொழியில் மகன் சாப்பாடு கேட்கிறேன். ஒரு சொல்லையாவது அவருக்காக வைத்திருக்கிறேன்" என்றார். 1956 இல் நமது நாட்டில் வந்த சட்டம் நேயர்களுக்குத் தெரியும். அதை அவருக்கு நான் சொல்ல, எங்கள் இருவர் தட்டும் ஆறிப்போயின.

சாச்சா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லாமல் அவருக்குப் 'பாத்' கொண்டு வந்து வைத்தார். அன்று மாலை என்னிடம் மட்டும் சொன்னார்: "எனக்கும் இது இரவல் பாஷைதான் பேட்டா. நான் முல்தான்காரன். வீட்டிலே ஸராய்கி. உருது பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்தது." உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பாகிஸ்தானில் பத்தில் ஒருவர்கூட இல்லை. இது பலருக்குத் தெரியாத செய்தி. இக்பாலும் ஃபைஸ் அகமது ஃபைஸும் பஞ்சாபியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், இரவல் மொழியிலே மகாகவிகளானவர்கள். நமது சி.வி. வேலுப்பிள்ளையும் லயத்து மக்களின் துயரை ஆங்கிலத்திலே பாடவில்லையா? மேசை துடைக்கும்போது சாச்சா காலிப்பின் கவிதையை முணுமுணுப்பார். மாம்பழப் பித்தர் என்று பெயரெடுத்த கவிஞரை நான் முதன்முதல் கேட்டது ஒரு சாப்பாட்டுக் கடையில் என்பது பொருத்தந்தான்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். நான் இலங்கைத் தமிழன், தோட்டத்துக்காரன் என்றதும் சாச்சாவுக்கு நம் கதை ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. நான் சொன்னேன்: "எங்கள் பாட்டன் பூட்டன் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டது எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா? இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1949." அவருக்கு ஒரே ஆச்சரியம். "எங்கள் நாட்டின் பெயரா? எதற்கு?" 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமை இழந்தவர்களுக்கு விண்ணப்பிக்க ஒரு கதவென்று அதைத் திறந்தார்கள். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் மனுக்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு. முல்தானை ஒரு நாளும் கண்டிராத என் பாட்டனார் பாகிஸ்தான் என்ற சொல் பொறித்த சட்டத்தின் வாசலிலே நின்றிருக்கிறார். சாச்சா வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படியானால் இன்றைக்கு உனக்குத் தேநீர் என் கணக்கில்" என்றார்.

வந்தது 'தூத் பத்தி'. தூத் என்றால் பால், பத்தி என்றால் இலை. தண்ணீர் சேர்க்காமல் பாலிலேயே தூளைக் கொதிக்க வைப்பது. சாயத்தண்ணியில் வளர்ந்த எனக்கு அது தேநீரே அல்ல, பாயாசம். இருந்தாலும் குடித்துக்கொண்டே ஒரு பேராசை வந்தது. இது எங்கள் மலைத் தூளாக இருக்குமோ, என் அம்மா கிள்ளிய கொழுந்தாகக்கூட இருக்குமோ என்று. சமையலறைக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தேன். கென்யா. 1971 இல் சில்ஹட் தோட்டங்கள் கைவிட்டுப் போன பிறகு பாகிஸ்தானியர் தேயிலைக்கு வெளிநாட்டையே நம்ப வேண்டியதாயிற்று. பாலில் கொதிக்க வைத்தால் நிறம் பிடிக்கும் சீ.டீ.சீ. தூள்தான் அவர்களுக்குத் தோது. நமது மலைகளில் பழைய முறையில் உருட்டி எடுக்கும் தூள் பாலிலே தோற்றுவிடும். எனக்கு அன்றைக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. சில்ஹட்காரரும் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்களதும் இல்லை" என்றார்.

1996 இல் ஊருக்குத் திரும்பினேன். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஹட்டன் டவுனுக்கு வந்தோம். நல்ல மழை, மிஸ்ட் இறங்கியிருந்தது. வேண்டுமென்றே அந்தச் சந்தைப் பக்கத்துக் கடைக்குக் கூட்டிப் போனேன். அப்பாவின் கை வழக்கம்போல் கண்ணாடி அலுமாரியை நோக்கிப் போயிற்று. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். காதிலே மெல்ல, "மல்லி, வத்துர டிகக் தென்ன, அப்படிச் சொல்லுங்கப்பா. தம்பி, கொஞ்சம் தண்ணி தாங்க. அவ்வளவுதான். அதுல ஒரு தப்பும் வராது" என்றேன்.

"எனக்கு எதுக்குடா இந்த வயசுல?" என்றார்.

"சொல்லித்தான் பாருங்களேன்."

இரண்டு முறை வாய்க்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார், கந்தோரில் நிற்பதுபோல. பிறகு முஸ்லிம் ஹோட்டலில் வரும் அந்தக் குரலுக்குக் கொஞ்சம் கீழே, "மல்லி, வத்துர டிகக் தென்ன" என்றார்.

பதினெட்டு வயதிருக்கும் அந்தப் பையனுக்கு. அவன் தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்துத் தமிழிலே கேட்டான்: "சுடுதண்ணியா, பச்சத் தண்ணியா ஐயா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்து, "குளிரா இருக்கு தம்பி. சுடுதண்ணியே குடுங்க" என்றார்.